வரலாறு பட்டம் முடித்தவர்களுக்கு வேலை எங்கே இருக்கிறது?

இளவேனில்

எல்லாருக்கும் வணக்கம். வரலாற்றில் இளங்கலை கடைசி ஆண்டு படிக்கிறேன். என்ன படிக்கிறேன்னு சொன்ன உடனே, "டீச்சர் ஆகப் போறியா, அரசுத் தேர்வு எழுதப் போறியா"ன்னு ரெண்டே கேள்விதான் வருது. ரெண்டும் மதிப்பான வழிதான், நான் குறை சொல்லல. ஆனா வகுப்பெடுக்கிறதுல எனக்கு நாட்டம் இல்ல. வருஷக்கணக்கா போட்டித் தேர்வுக்கு உட்கார வீட்டு நிலைமையும் இடம் குடுக்காது.

எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான். பழைய கடிதம், கணக்குப் புத்தகம், வழக்குப் பதிவு இதையெல்லாம் எடுத்து வச்சு, யார் எழுதினாங்க, யாருக்காக எழுதினாங்க, எதைச் சொல்லாம விட்டாங்கன்னு தோண்டித் தோண்டிப் பார்க்கிறது. இதுக்குச் சம்பளம் குடுக்கிற வேலை இருக்கா? அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், இதழியல், சட்டம்னு பட்டியல் போட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. அந்த வேலைக்குள்ள தினமும் என்ன நடக்குதுன்னு எழுதினவங்க யாரும் கண்ணுல படல. உள்ளே இருக்கிறவங்க சொன்னா நல்லா இருக்கும்.

ஆவணக்காரன்

வணக்கம் தங்கை. நான் ஆவணக் காப்பகத்தில் இருப்பவன். நீங்கள் விவரித்தது கிட்டத்தட்ட எங்கள் வேலைதான், ஆனால் முழுதும் அதுவல்ல.

எங்கள் நாளில் பெரும்பகுதி படிப்பதில் போகாது, ஒழுங்குபடுத்துவதில் போகும். ஓர் அலுவலகம் மூடப்பட்டு நூறு பெட்டி வருகிறது என்று வையுங்கள். அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கத்தான் யாருக்கும் கை பரபரக்கும். அதைச் செய்யக் கூடாது. எந்த அலுவலகம், எந்த வரிசையில், எந்தக் காரியத்துக்காக அந்தத் தாள்களை உருவாக்கியதோ அந்த அமைப்பு குலையாமல் வைக்க வேண்டும். இந்த விதியின் தொடக்கம் பிரான்சில் 1841இல் வந்த ஒரு சுற்றறிக்கை. இன்றும் உலகம் முழுக்க இதுவே அடிப்படை. ஏன் என்று வரலாறு படித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு கடிதம் எந்தக் கோப்பில், எதற்கு அடுத்து இருந்தது என்பதே பாதிச் சான்று.

இன்னொரு பகுதி, எதை அழிப்பது என்று முடிவு செய்வது. பெரிய நிறுவனங்கள் உருவாக்கும் பதிவுகளில் மிகச் சிறிய பங்குதான் நிரந்தரமாகக் காக்கப்படுகிறது. மற்றதைக் காலக்கெடு வைத்து அழிக்கிறோம். பொறுப்பு மிகுந்த வேலை இது. நாளை ஓர் ஆய்வாளருக்கு எது கிடைக்கும் என்பது இன்று என் கையெழுத்தில் இருக்கிறது.

வேலை தேடுபவருக்கு முக்கியமான செய்தி: "வரலாற்று ஆவணக் காப்பகம்" என்று பலகை வைத்த இடங்களை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவமனை, வங்கி, மருந்து நிறுவனம், பல்கலைக்கழகம், நகராட்சி போன்ற பல இடங்களில் பதிவு மேலாண்மை என்று ஒரு பிரிவு உண்டு. அதற்குத் தனியாக ஐஎஸ்ஓ 15489 என்ற தரநிலை 2001இல் வந்தது. பணியிடங்கள் அங்கேதான் அதிகம். ஜெர்மனியின் குருப் எஃகு நிறுவனம் 1905இலேயே தனக்கென்று ஒரு காப்பகம் அமைத்துவிட்டது. நிறுவனக் காப்பகம் என்ற தொழிலுக்கு அவ்வளவு வயதாகிறது.

இளங்கலை மட்டும் போதாது. ஆவணவியலில் முதுகலையோ பட்டயமோ வேண்டும். மின்னஞ்சல், தரவுத்தளம் போல முதலிலிருந்தே கணினியில் பிறந்த பதிவுகளைக் காக்கத் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது.

மாற்றுக்கருத்து

ஆவணக்காரன் அண்ணன் சொன்னது சரி. ஆனால் இன்னொரு பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

அருங்காட்சியகம், காப்பகம் இரண்டிலும் ஓர் இடத்துக்கு ஏகப்பட்ட பேர் போட்டி போடுகிறார்கள். பல இடங்களில் குறுகிய கால ஒப்பந்தம், திட்ட நிதி தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. சம்பளம் இல்லாத பயிற்சியில் தொடங்கச் சொல்வார்கள். வீட்டில் வசதி இருப்பவர்களால் அதைத் தாங்க முடியும், மற்றவர்கள் வெளியேறுவார்கள். வரலாற்றின் மேல் காதல் இருக்கிறது என்பதையே காரணமாக வைத்துக் குறைந்த கூலிக்கு இளைஞர்களை உழைக்க வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. இளவேனில் வீட்டு நிலைமையைச் சொன்னதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் எண்ணம் இதுதான். பெயரில் வரலாறு இருக்கும் வேலையைத் தேடாதீர்கள். நேற்று நடந்தது இன்று யாருக்கோ பணமாக, உரிமையாக, ஆபத்தாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அங்கே பழைய தாளைச் சரியாகப் படிப்பவருக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

வழக்குமன்றம்

மாற்றுக்கருத்து சொன்னதை அப்படியே என் துறையில் காட்டுகிறேன். நான் வரலாறு படித்துவிட்டுச் சட்டம் படித்தவள்.

அமெரிக்காவில் 1980இல் சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் சட்டம் வந்தது. நச்சுக்கழிவு கொட்டிய நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவை, அந்தக் கழிவுக்குக் காரணமானவர்களிடம் வசூலிக்கலாம். கொட்டிய காலத்தில் அது குற்றமாக இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு. அப்படியானால் பல பத்தாண்டுகளுக்கு முன் அந்த நிலத்தில் எந்த ஆலை இருந்தது, யார் முதலாளி, எந்த வேதிப்பொருள் வந்தது, யார் யாரிடம் விற்றார்கள் என்று ஒருவர் கண்டுபிடித்தாக வேண்டும். தீக் காப்பீட்டு வரைபடம், நகர முகவரிப் புத்தகம், ஆலையின் கொள்முதல் கணக்கு, பழைய செய்தித்தாள் இவற்றில் இருந்துதான் அது வரும். இதற்காகவே வரலாற்றாளர்களை வைத்துத் தனி நிறுவனங்கள் நடக்கின்றன. வாதி, பிரதிவாதி, அரசு மூன்று தரப்புமே அவர்களை அமர்த்துகின்றன.

நியூசிலாந்தில் வைதாங்கி தீர்ப்பாயம் 1975இல் தொடங்கியது. 1840இல் மாவோரி மக்களுடன் பிரிட்டிஷ் அரசு செய்த ஒப்பந்தம் மீறப்பட்டதா என்று விசாரிக்கிற அமைப்பு. முதலில் புதிய மீறல்களை மட்டுமே விசாரித்தது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டு 1840 வரைக்கும் பின்னோக்கிப் போகலாம் என்றானது. அதோடு வரலாற்றாளர்களின் தேவை பெருகியது. நிலம் எப்படிக் கைமாறியது என்று ஒவ்வொரு பகுதிக்கும் தடித்த ஆய்வறிக்கை எழுதப்படுகிறது. அதை எழுதியவர் குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த இர்விங் எதிர் லிப்ஸ்டாட் வழக்கை வரலாறு படிக்கும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையை மறுப்பவர் என்று தன்னைப் பற்றி வரலாற்றாளர் லிப்ஸ்டாட் எழுதியதற்காக, நூலாசிரியர் இர்விங் அவதூறு வழக்குப் போட்டார். இங்கிலாந்துச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில். ரிச்சர்ட் எவன்ஸ் என்ற வரலாற்றாளரும் இரண்டு ஆய்வு மாணவர்களும் உட்கார்ந்து, இர்விங்கின் அடிக்குறிப்புகளை மூல ஆவணங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். எங்கே சொல்லை மாற்றினார், எங்கே தேதியை நகர்த்தினார், எந்த வரியை வசதியாக விட்டார் என்று அடுக்கிக் காட்டினார்கள். இர்விங் தோற்றார். நீங்கள் தினம் வகுப்பில் செய்யும் அடிக்குறிப்புப் பயிற்சிதான் தங்கை, அங்கே ஒரு வழக்கையே தீர்மானித்தது.

சட்டம் படிக்க வரலாறு நல்ல அடித்தளம். எந்தப் பட்டத்தோடும் சட்டப் படிப்பில் சேர வழி பல நாடுகளில் இருக்கிறது. வழக்கறிஞர் ஆகாமலே வழக்கு ஆய்வாளராகவும் போகலாம். வாரிசு தேடும் நிறுவனங்களும் உண்டு. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கு உரியவரைப் பிறப்பு, திருமண, கப்பல் பயணப் பதிவுகளில் தேடுவது அவர்கள் தொழில்.

நிலவரை

நிலத்துக்கு அடியிலயும் வேலை இருக்கு, சொல்றேன்.

தொல்லியல்னா எல்லாரும் பல்கலைக்கழக அகழாய்வைத்தான் நினைப்பாங்க. ஐரோப்பாவுல இன்னைக்கு நடக்கிற பெரும்பாலான அகழாய்வு சாலை, ரயில் பாதை, கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடி நடக்கிறது. 1992இல் கையெழுத்தான வாலெட்டா உடன்படிக்கை, நிலத்தைத் தோண்டிக் கட்டுறவரே தொல்லியல் செலவையும் ஏத்துக்கணும்ங்கிற கொள்கையைப் பரப்புச்சு. அதனால தனியார் தொல்லியல் நிறுவனங்கள் பெருகிச்சு. தோண்டுறதுக்கு முன்னாடி மேசை ஆய்வுன்னு ஒண்ணு நடக்கும். பழைய வரைபடம், நிலப் பதிவு, வான்படம் எல்லாம் வச்சு, அந்த இடத்துல என்ன இருக்க வாய்ப்புன்னு அறிக்கை எழுதணும். மழையில நின்னு மண்ணு வெட்ட முடியாதவங்களுக்கும் அங்கே இடம் இருக்கு.

இதே மேசை ஆய்வைப் போர்க்கால வெடிகுண்டுக்கும் செய்றாங்க. ஜெர்மனியில இன்னும் வெடிக்காத குண்டு மண்ணுக்குள்ள கிடக்கு. இரண்டாம் உலகப் போர்ல நேச நாட்டு விமானங்கள் எடுத்த வான்படங்களைப் பார்த்து, பள்ளம் விழுந்த இடம், சின்னத் துளை மட்டும் தெரியுற இடம்னு பிரிச்சுக் குறிப்பாங்க. அந்தச் சின்னத் துளைதான் ஆபத்து, குண்டு வெடிக்காம உள்ளே போன இடமா இருக்கலாம்.

நிலநடுக்கத்துக்கும் வரலாற்றாளர் வேணும். கருவி வச்சுப் பதிஞ்ச காலம் ரொம்பக் குறுகினது, பெரிய நிலநடுக்கமோ ஒரே இடத்துல பல நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரலாம். அணுமின் நிலையம், அணை எல்லாம் கட்டணும்னா அதுக்கு முன்னாடி நடந்ததும் தெரிஞ்சாகணும். இத்தாலியில மடங்களோட நாட்குறிப்பு, தேவாலயப் பழுதுபார்ப்புக் கணக்கு, வீடு இடிஞ்சதால வரியைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு போட்ட மனு இதுலேருந்தெல்லாம் பல நூற்றாண்டு நிலநடுக்கங்களைத் தொகுத்து வச்சிருக்காங்க. மனு எழுதினவர் சேதத்தைக் கூட்டிச் சொல்லியிருப்பாரா, அதிகாரி குறைச்சு எழுதியிருப்பாரா? இளவேனில் முதல் பதிவுல கேட்ட அதே கேள்விதான் இது. இங்கே பதில் தப்பாப் போனா கட்டடத்தோட வலிமைக் கணக்கே தப்பாகும்.

ஜி.ஐ.எஸ்.னு சொல்ற கணினி வரைபட முறையைக் கத்துக்கோங்க. பழைய வரைபடத்தை இன்றைய நிலத்து மேல பொருத்தத் தெரிஞ்ச வரலாற்று மாணவர் ரொம்பக் குறைவு.

கரும்பலகை

ஆசிரியர் வேலையை எல்லாரும் கடைசிப் புகலிடம் போலப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிடிக்காதவர் வரவேண்டாம், அது மாணவர்களுக்கும் நல்லது. ஆனால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதிய தாள்களைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பதற்கு ஈடாக வேறு எந்தத் தொழிலையும் நான் அறியேன். வகுப்பறைக்கு வெளியிலும் வேலை உண்டு: பாடநூல் எழுதுவது, வினாத்தாள் அமைப்பது, அருங்காட்சியகங்களில் பள்ளிக் குழுக்களுக்கான கல்விப் பிரிவு. மூன்றாவதில் போட்டி சற்றுக் குறைவு.

எண்ணும்எழுத்தும்

நான் தரவுப் பக்கம் இருப்பவன். கையெழுத்தைக் கணினியே படிக்கும் காலம் வந்துவிட்டது. டிரான்ஸ்க்ரைபஸ் போன்ற கருவிகள் பல நூற்றாண்டுப் பழைய கையெழுத்தைக்கூடக் கணினியில் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுகின்றன. ஆனால் அவற்றைப் பழக்க, முதலில் மனிதர் ஒருவர் பக்கம் பக்கமாகப் படித்துச் சரியான எழுத்துப் பெயர்ப்பைக் கொடுக்க வேண்டும். பிறகு இயந்திரம் எங்கே தவறியது என்று பார்க்கவும் மனிதர் வேண்டும். பழைய கையெழுத்து, பழைய சுருக்கக் குறிகள், பழைய அளவைகள் தெரிந்தவர் அங்கே தேவைப்படுகிறார்.

வரலாற்றுத் தரவு அரசுத் திட்டங்கள் வரை போனதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1918 இன்ஃப்ளூயன்சாவை அமெரிக்காவின் 43 நகரங்கள் எப்படி எதிர்கொண்டன என்று மருத்துவ வரலாற்றாளர் ஹோவர்ட் மார்க்கெல் குழு 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பள்ளியை எந்த நாளில் மூடினார்கள், கூட்டத்துக்கு எப்போது தடை போட்டார்கள், எப்போது நீக்கினார்கள் என்பதெல்லாம் பழைய செய்தித்தாளிலும் சுகாதாரத் துறை அறிக்கையிலும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி இறப்புக் கணக்கோடு பொருத்தியபோது, முன்கூட்டியே, பல நடவடிக்கைகளைச் சேர்த்து, நீண்ட நாள் கடைப்பிடித்த நகரங்களில் சாவு குறைவு என்று தெரிந்தது. பின்னாளில் பெருந்தொற்றுத் திட்டங்களில் இந்த ஆய்வு பேசப்பட்டது.

என் கருத்து: பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளாமல் இனி வரலாறு பிழைக்காது.

ஆவணக்காரன்

தம்பி, கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம், அந்தப் போட்டியில் வரலாற்று மாணவர் பின்வரிசையில்தான் நிற்பார். புதுச்சேரியில் ஃபிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1736இல் தொடங்கிக் கால் நூற்றாண்டு எழுதப்பட்டது. அந்தக் காலத்து வணிகத் தமிழும் ஃபிரெஞ்சு நிர்வாகச் சொற்களும் தெரிந்த ஒருவருக்கு அதில் கிடைப்பது நிரல் மட்டும் தெரிந்தவருக்குக் கிடைக்காது. மொழியும் எழுத்தும்தான் நம் கையிலுள்ள அரிய சரக்கு. வட்டெழுத்து, மராத்தியின் மோடி எழுத்து, பழைய பாரசீகக் கையெழுத்து, பழைய டச்சு என்று எதையாவது ஒன்றைப் பிடித்து ஆழமாகப் போங்கள். கணினி அதன் பிறகு.

எண்ணும்எழுத்தும்

ஐயா, இரண்டும் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு என்று திருத்திக்கொள்ளலாமா? மொழி மட்டும் தெரிந்து, படித்ததை ஒழுங்கான அட்டவணையாகக் கொடுக்கத் தெரியாதவர்களோடு வேலை செய்வது மிகக் கடினம். ஒரே ஊரை மூன்று விதமாக எழுதி வைப்பார்கள். பெரிய நிரலாளர் ஆகச் சொல்லவில்லை, தரவைச் சுத்தமாக வைக்கத் தெரிந்தால் போதும்.

ஆவணக்காரன்

அந்த அளவுக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

சுவடிநேசன்

அருங்காட்சியகம் பற்றி ஒரு சொல். காப்பாட்சியர் (கியூரேட்டர்) பதவியை மட்டும் எல்லாரும் கனவு காண்கிறார்கள். வளர்ந்து வரும் பகுதி வேறு: உடைமை வரலாற்று ஆய்வு. ஓர் ஓவியமோ சிலையோ யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தொடர்ச்சியைக் கண்டுபிடிப்பது. திருட்டுப் பண்பாட்டுப் பொருள் வணிகத்துக்கு எதிராக யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. நாஜிகள் பறித்த கலைப்பொருள்கள் குறித்த வாஷிங்டன் கோட்பாடுகளை 1998இல் 44 நாடுகள் ஏற்றன. அதன் பிறகு அருங்காட்சியகங்களும் ஏல நிறுவனங்களும் இதற்கென்றே ஆட்களை வைக்கின்றன. ஏலப் பட்டியல், சுங்கச் சீட்டு, ஓவியச் சட்டகத்தின் பின்புறம் ஒட்டிய துண்டுச்சீட்டு, வியாபாரியின் கடிதம் இவைதான் மூலங்கள். நாஜி ஆட்சி நடந்த 1933 முதல் 1945 வரை இடைவெளி இருந்தால் அங்கே நின்று விசாரிக்க வேண்டும். கொண்டுபோன பொருளை உரியவரிடம் திருப்பித் தர உதவும் வேலை என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

பழுதுபார்த்துப் பாதுகாக்கும் பிரிவுக்குப் போக நினைத்தால் வேதியியல் வேண்டும், வரலாறு மட்டும் வைத்துக்கொண்டு முடியாது.

இளவேனில்

ரொம்ப நன்றி, இவ்வளவு விரிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல. ஒரு சந்தேகம். வரலாற்றோட நேரடித் தொடர்பு இல்லாத நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனா, "வரலாறு படிச்சவங்க எங்களுக்கு எதுக்கு"ன்னு கேட்டா என்ன சொல்றது? பகுப்பாய்வுத் திறன்னு சொன்னா அவங்களே கொட்டாவி விடுறாங்க.

திசைகாட்டி

நான் ஒரு நிறுவனத்தின் இடர் ஆய்வுப் பிரிவில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். திறனுக்குப் பெயர் சூட்டாதீர்கள், செய்ததைச் சொல்லுங்கள்.

ஹாரி ஹின்ஸ்லி என்று ஒருவர். கேம்பிரிட்ஜில் வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது 1939இல், இருபது வயதில், பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க் உளவுப் பிரிவுக்கு எடுத்தார்கள். ஜெர்மன் கடற்படையின் சங்கேதச் செய்திகளை அப்போது உடைக்க முடியவில்லை. ஒரு சொல்கூடப் படிக்க முடியாத செய்திகளை வைத்து அவர் என்ன செய்தார்? யார் யாரோடு பேசுகிறார்கள், எந்த அலைவரிசையில், வழக்கத்தைவிட எவ்வளவு அதிகமாக என்று மட்டும் பார்த்தார். 1940இல் பெரிய ஜெர்மன் கப்பல்கள் பால்டிக் கடலிலிருந்து வெளியே வரப் போகின்றன என்று எச்சரித்தார். கடற்படைத் தலைமை பொருட்படுத்தவில்லை. ஜூன் 8 அன்று குளோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதோடு வந்த இரண்டு நாசகாரிக் கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. அதன் பிறகு அவர் பேச்சைக் கேட்கத் தொடங்கினார்கள். 1941இல், தனியாக நிற்கும் சிறிய வானிலைக் கப்பல்களிலும் சங்கேதச் சாவிகள் இருக்கும், அவற்றைப் பிடிப்பது எளிது என்று சொன்னதும் அவரே. பிடித்தார்கள், சாவிகள் கிடைத்தன.

முழுமையில்லாத சான்றிலிருந்து எவ்வளவு சொல்லலாம், எதற்கு மேல் சொல்லக் கூடாது என்பதை அறிவதுதான் நம் பயிற்சி. கடன் மோசடி விசாரணை, நிறுவனங்களின் பின்னணி ஆய்வு, செய்தி சரிபார்ப்பு, பயனர் ஆய்வு எல்லாவற்றிலும் இதுதான் வேண்டும். நேர்காணலில், "இந்தக் கேள்வி இருந்தது, இந்த நான்கு மூலங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன, இதை இந்தக் காரணத்தால் நம்பினேன், இந்த இடத்தில் முடிவு சொல்ல மறுத்தேன்" என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். என் முன்னால் அப்படிப் பேசுபவரை நான் விடமாட்டேன்.

இளவேனில்

அப்படின்னா கடைசிப் பருவ ஆய்வேட்டைத்தான் கையில காட்டணும். மூடிப்போன ஒரு பழைய ஆலையோட பதிவுகள் ஒருத்தர் வீட்டுல மூட்டையா இருக்குன்னு தெரியும். சம்பளப் பட்டியல், விபத்துப் புத்தகம், கொள்முதல் கணக்கு எல்லாம் இருக்கு. வழிகாட்டிப் பேராசிரியர் சுதந்திரப் போராட்டம் பத்தி எழுதுன்னு சொல்றார்.

வழக்குமன்றம்

ஆலைதான். தயங்காமல் எடுங்கள். விபத்துப் புத்தகத்தையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தாலே, அடிபட்டவருக்கு மறுநாள் கூலி கொடுத்தார்களா என்று தெரிந்துவிடும்.

ஆவணக்காரன்

மூட்டையைப் பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், எந்தத் தாள் எதோடு கட்டியிருந்தது என்று எழுதி வையுங்கள். வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொழிலாளர் பெயர்களும் உடல்நல விவரமும் இருக்கும், அவர்கள் குடும்பத்தார் இன்றும் இருப்பார்கள், ஆகவே எதை வெளியிடலாம் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பட்டியல் போடும் முறையை நான் அனுப்புகிறேன். முதல் பெட்டி முடிந்ததும் எனக்குக் காட்டுங்கள்.

நிலவரை

கொள்முதல் கணக்குல அமிலம், ஈயம், பாதரசம் ஏதாவது வந்தா தனியாக் குறிச்சு வைங்க. அந்த நிலத்துல இப்ப என்ன இருக்குன்னும் பாருங்க.